ஆட்காட்டியும் ஆறுமணிக்குருவியும்

பறவைகளைப் பார்ப்பதும் ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். அடுப்பு, பிள்ளைகள், கூலி வேலை, கடன் என்று நாள் முழுவதும் ஓடும் எமக்கு வானத்தைப் பார்க்க நேரம் ஏது? எமது மாதர் சங்கத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே நான் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் கொட்டியாரக்குடாவின் கரையில், சம்பூர்ப் பகுதியில் வாழ்பவள். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இடம்பெயர்ந்தோம். பல வருடங்கள் தறப்பாள் கொட்டில்களில் காலம் கழித்தோம். காணிகள் விடுவிக்கப்பட்ட பின் 2016இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, வளவு பற்றைக்காடாகி இருந்தது. அந்தப் பற்றைக்குள் பறவைகள்தான் குடியிருந்தன.

காதில் இருந்த பயம்

யுத்தம் எமது காதுகளைப் பழக்கி வைத்திருந்தது. எது தூரத்தில் விழுகிறது, எது கிட்ட விழப்போகிறது என்று சின்னப் பிள்ளைகளும் சத்தத்தை வைத்தே சொல்லுவார்கள். யுத்தம் 2009இல் முடிந்த பிறகும் அந்தக் காது ஓயவில்லை.

ஆட்காட்டிக் குருவியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது கத்தினால் ஆள் வருகிறது என்று அர்த்தம். இரவில் அது கத்தும்போது விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அணைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த பெண்கள் எம்மில் எத்தனை பேர்! வருவது யார், யாரைத் தேடி வருகிறார்கள் என்ற பயம்.

மீளக் குடியேறிய பின் ஒரு பகல் வேளையில் விறகுக்குப் போனபோது ஓர் ஆட்காட்டி என் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. நின்று நிலத்தைப் பார்த்தேன். வெறும் தரையில், சின்னக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். மண் நிறம், கறுப்புப் புள்ளிகள். கூடு என்று ஒன்றும் இல்லை. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. திறந்த வெளியில் முட்டை இட்டுவிட்டு, நாயோ கீரியோ மனிதரோ கிட்ட வந்தால் கத்திக் கத்தி வேறு பக்கம் இழுத்துச் செல்லும். அது யாரையும் காட்டிக் கொடுக்கக் கத்தவில்லை. தன் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கத்துகிறது.

அன்றோடு என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது இரவில் அது கத்தினால், "நாய் ஏதும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது.

தூரத்திலிருந்து வரும் விருந்தாளிகள்

எமது மாவட்டம் பறவைகளுக்குப் பேர்போனது. தம்பலகாமம் விரிகுடா, நிலாவெளிக் களப்பு, கொட்டியாரக்குடாவில் மகாவலி கங்கை கலக்கும் சேற்றுநிலங்கள் எல்லாம் அவற்றின் சாப்பாட்டு மேசைகள். கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, மீன்கொத்தி, செம்பருந்து ஆகியவற்றை வருடம் முழுவதும் காணலாம். செப்டம்பர், ஒக்டோபரில் வடக்கே குளிர் தொடங்கும்போது உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டம் கூட்டமாக வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிவிடும்.

இவற்றுள் ஆறுமணிக்குருவி என் மனதுக்கு நெருக்கமானது. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் கூப்பிடுவதால் இந்தப் பெயர். பச்சை முதுகு, நீலச் சிறகு, வயிற்றடியில் சிவப்பு. இமயமலை அடிவாரம் வரையுள்ள இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் கடல் தாண்டி இங்கே வருகிறது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீடுகளுக்குள்ளும் விழுந்துவிடும். அப்படி விழுந்தால் பெட்டியொன்றில் இருட்டாக, அமைதியாக வைத்திருந்து, களைப்பு ஆறியதும் வெளியில் விட்டுவிடுங்கள்.

பறவையின் பயணத்தை எமது இடம்பெயர்வோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்குப் போகும் மாதமும் தெரியும், திரும்பும் மாதமும் தெரியும். எமக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலையையும் சொல்லவேண்டும். வீட்டுப் புறாக்களின் மூதாதையான மலைப்புறாக்கள் அங்குள்ள பாறைகளில் குஞ்சு பொரிக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்ட அந்தத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. குண்டு விழுந்த இடத்திலும் கூடு கட்டலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெண்கள் செய்து காட்டியவை

தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி என்று ஒரு பறவைகள் சரணாலயம் உண்டு. பறவைகள் வெருண்டு ஓடக்கூடாது என்பதற்காக அயல் கிராமத்தவர்கள் தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. வெடிச்சத்தம் என்றால் என்ன என்று தெரிந்த எமக்கு இதன் அருமை விளங்கும்.

அசாமில் பெருநாரை ஒன்று, அழுக்கானது, அபசகுனம் என்று துரத்தப்பட்டது. அது கூடு கட்டிய மரங்களையும் வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற பெண் ஆய்வாளர் கிராமத்துப் பெண்களைச் சேர்த்தார். கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்யும் சடங்கைப் பறவைக்காகவும் செய்தார்கள். அதன் உருவத்தைச் சேலைகளில் நெய்து விற்று வருமானமும் தேடினார்கள். 2022இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் விருது அவருக்குக் கிடைத்தது. அபசகுனம் என்ற பட்டத்தை எமது விதவைப் பெண்களும் சுமக்கிறார்கள். அதைக் கழற்றி எறிய முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள்.

எப்படித் தொடங்குவது?

* பணம் தேவையில்லை. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும். திகதி, நேரம், இடம், பறவை, எத்தனை என்று எழுதுங்கள்.
* பெயர் தெரியாவிட்டால் நிறம், சொண்டு, கால், சத்தம் இவற்றைக் குறித்து வையுங்கள். ஊரிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். மீன்பிடிப்பவர்களுக்கு நிறையத் தெரியும்.
* விடியற்காலையே நல்ல நேரம். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்கவேண்டாம். தெரியாத பொருள் எதையும் தொடவேண்டாம்.
* கூட்டையும் முட்டையையும் தொடாதீர்கள். கிளிக்குஞ்சு பிடித்து வளர்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.
* 1987 முதல் ஆசிய நாடுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். அந்த மாதத்தில் உங்கள் ஊர்க் குளத்திலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எமது சங்கத்தில் ஓர் அக்கா இருக்கிறா. அவவின் கணவர் காணாமல் போனவர். கூட்டங்களில் வாய் திறக்கமாட்டா. இப்போது குளக்கட்டில் கொக்கு எண்ணும் கொப்பி அவவிடம்தான் இருக்கிறது. யாராவது கணக்கைப் பிழையாகச் சொன்னால், "இல்லை, நாற்பத்திரண்டு" என்று திருத்துவா. எமக்கு அது பெரிய விசயம்.

இது மருந்து அல்ல. நித்திரை இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல் தவிப்பவர்கள் கட்டாயம் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகவேண்டும். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் தண்ணீர் அள்ளப் போகும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பார்த்ததைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நாம் சத்தங்களை வைத்துக் குண்டுகளின் பெயரைக் கற்றோம். அவர்கள் பறவைகளின் பெயரைக் கற்கட்டும்.