பிள்ளைகளின் குடலழற்சியும் வைரஸ்களும்

வைரஸ் என்றதும் அஞ்சுகிறோம். ஆயினும் நம் குடலிலுள்ள வைரஸ்களுள் பெரும்பாலானவை நம் உயிரணுக்களைத் தீண்டுவதில்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்களையே வேட்டையாடுகின்றன. சீதபேதியுற்றோரின் மலத்தில் இவற்றைக் கண்ட ஃபெலிக்ஸ் டெரெல், 1917இல் ‘பாக்டீரியோபேஜ்’ எனப் பெயரிட்டார்.

குரோன் நோயுற்றோரின் குடலில் இவற்றின் வகைகள் பெருகியிருப்பதை 2015இல் ‘செல்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பேஜ்கள் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டி அழற்சியை மிகுவிப்பது 2019இல் எலிகளிடம் காணப்பட்டது. எனினும் பிள்ளைகளிடத்தில் எது முந்தியது? அழற்சியினால் பாக்டீரியாக்கள் மாறின், அவற்றை அண்டி வாழும் பேஜ்களும் மாறுமன்றோ! ஆதலின் பேஜ்களே காரணம் என்று கூற நாம் துணியோம்.

பெற்றோர் கருத வேண்டியது வேறு. வயிற்றுப்போக்கோ இரத்தப்போக்கோ இன்றி, உயரம் கூடாமையே இந்நோயின் முதல் அடையாளமாக அமைவதுண்டு. ‘சரியாக உண்பதில்லை’ என்று அதனைத் தள்ளிவிடுகிறோம்.