நான்கு வீதிகளும் ஒரு வருஷமும்

வீதியில் நடப்பதற்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுக்க வேண்டும்? காலையில் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பும் நாம் யாரும் இந்தக் கேள்வியை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் 1924-ம் வருஷத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்து வைக்கத்தில் அதற்கு ஒரு விலை இருந்தது: ஆறு மாதச் சிறைவாசம்!

வைக்கம் மகாதேவர் ஆலயத்தைச் சுற்றி நான்கு வீதிகள். அவை கோயிலுக்குள் இருப்பவையல்ல. ஜனங்களின் வரிப் பணத்தில் பராமரிக்கப்பட்ட பொது வீதிகள். கிறிஸ்தவர் அவ்வீதிகளில் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், நாயும் பூனையும் கூட நடக்கலாம். ஈழவரும் புலையரும் மட்டும் நடக்கக்கூடாது. அதே ஈழவர் மதம் மாறிவிட்டால் மறுநாளே தாராளமாக நடந்து போகலாம்! ஹிந்துவாக இருப்பதொன்றே அவர் செய்த குற்றம். இந்த விசித்திர நியாயத்தை எதிர்த்துத்தான் ஸ்ரீ டி. கே. மாதவன் 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸில் குரல் எழுப்பினார். அங்கே எழுந்த குரல் மூன்று மாதத்தில் வைக்கத்து வீதிக்கு வந்து சேர்ந்தது.

1924 மார்ச் 30. கதர் உடுத்திய மூன்று வாலிபர்கள் அவ்வீதியை நோக்கி நடந்தார்கள். குஞ்ஞப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். மூவரில் நாயர் மட்டும் அவ்வீதியில் நடக்கலாம். அவர் மற்ற இருவரையும் விட்டுவிட்டுப் போக மறுத்தார். மூவரும் கைதாயினர். தினமும் இவ்வாறே தொண்டர்கள் வந்தார்கள், சிறை சென்றார்கள். ஏப்ரல் 7-ல் மாதவனும் ஸ்ரீ கே. பி. கேசவ மேனனும் சிறைப்பட்டனர். தலைவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனபின், போராட்டத்தை நடத்த ஆள் வேண்டுமென்று தமிழ்நாட்டுக்குக் கடிதம் பறந்தது.

தமிழ் வருஷப் பிறப்பையொட்டி, ஏப்ரல் 13-ல் ஈரோட்டிலிருந்து ஒருவர் வைக்கம் வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் பெரியார் என்று நாடறிந்த ஈ. வெ. ராமசாமி. அவ்வருஷத்தில் அவர் இருமுறை சிறை புகுந்தார். முதல் தடவை ஒரு மாதம். இரண்டாம் தடவை நான்கு மாதக் கடுங்காவல். அவருடைய மனைவி நாகம்மையாரும் வைக்கம் வந்து, பெண்களைத் திரட்டிச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். சமையலறையைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்று எண்ணப்பட்ட ஸ்திரீகள் போலீஸ் வேலிக்கு முன் நின்ற காட்சியை நம் வீட்டுப் பெண்மணிகள் சற்று மனத்தில் கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

தமிழ்க் கணக்கில் அது ரக்தாக்ஷி வருஷம். ரக்தாக்ஷி என்றால் சிவந்த கண். அவ்வருஷத்தில் பலருக்குக் கண் சிவந்தது உண்மை. ஆனால் கோபத்தால் சிவந்தவை எதிர்த்தவர்களின் கண்கள். சத்தியாக்கிரகிகளின் கண்கள் சிவந்ததோ அவற்றில் சுண்ணாம்பு தடவப்பட்டதனால்! கைது செய்து அலுத்த சர்க்கார் வீதிகளில் வேலி கட்டியது. தொண்டர்கள் அதன் முன் உட்கார்ந்து இராட்டை சுற்றினார்கள். ஜூலை மாதத்தில் மலையாள நாட்டையே மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது. போலீஸார் படகிலே ஏறிக் காவல் புரிந்தனர். தொண்டர்கள் தண்ணீரில் நின்றனர். இடத்தை விட்டு அசையவில்லை.

ஆகஸ்டில் மூலம் திருநாள் மகாராஜா காலமானார். ராஜப் பிரதிநிதியாக வந்த சேது லக்ஷ்மி பாய் மகாராணி கைதிகளை விடுதலை செய்தார். நவம்பரில் ஸ்ரீ மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஜாதி ஹிந்துக்களே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம். ஈ. நாயுடுவின் தலைமையில் இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்துகொண்டது. இருபத்தையாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட விண்ணப்பம் மகாராணியின் கைக்குப் போயிற்று. யாருடைய தூய்மையைக் காப்பதாகச் சொல்லி வீதி அடைக்கப்பட்டதோ, அவர்களே "திறந்துவிடுங்கள்" என்று கேட்டார்கள்!

இதற்குப் பிறகும் என்ன தடை என்று நேயர்கள் கேட்கலாம். 1925 பிப்ரவரி 7-ல் சட்டசபையில் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு ஓட்டு!

மார்ச் மாதம் காந்தியடிகள் வைக்கம் வந்தார். எதிர்த்தரப்பின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியின் மனைக்கு அவரே நேரில் சென்றார். பிராமணரல்லாதவர் என்பதனால் உலகம் போற்றிய அம்மகானை வெளித் தாழ்வாரத்திலேயே உட்கார வைத்தார்கள். சாஸ்திரத்தைப் பண்டிதர்கள் ஆராயட்டும், ஜாதி ஹிந்துக்களிடம் ஓட்டெடுக்கலாம், மத்தியஸ்தம் வைக்கலாம் என்று மூன்று யோசனைகள் சொன்னார் காந்திஜி. ஒன்றும் பலிக்கவில்லை.

1925 நவம்பர் 23-ல் சத்தியாக்கிரகம் முடிவுற்றது. மூன்று வீதிகள் திறந்தன. கிழக்கு வீதி திறக்கவில்லை. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? முழு வெற்றி என்று முரசு கொட்டினால், அந்தக் கிழக்கு வீதி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். தோல்வி என்றாலோ, அதன்பின் நடந்ததைச் சொல்லாமல் விட்டவர்களாவோம். 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. வீதிக்கே வழியில்லாதிருந்தவர்கள் சந்நிதிக்கே சென்றார்கள்.

சட்டசபையில் ஒரு ஓட்டுக் குறைந்தது. ஆனால் ஜனங்களின் மனத்தில் ஓட்டு எண்ணிக்கை ஒரு நாளோடு முடிவதில்லை. தண்ணீரில் நின்ற தொண்டனைப் பார்த்துக்கொண்டே அன்றாடம் வீதியைக் கடந்துபோன நாயருக்கும் நம்பூதிரிக்கும் இராத்திரி தூக்கம் வந்திருக்குமா? அந்தத் தூக்கமின்மைதான் போராட்ட வருஷங்களின் உண்மையான வரவு. வருஷ முடிவில் கணக்குப் பார்க்கும்போது அது பேரேட்டில் தென்படாது; பத்து வருஷம் கழித்து வட்டியுடன் வந்து சேரும்.

காந்தியடிகளை வெளியே உட்கார வைத்த அந்த மனை பின்னாளில் கைமாறி, கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் காரியாலயமாக ஆயிற்று. அத்தொழிலைப் பரம்பரையாகச் செய்து வந்தவர்களோ பெரும்பாலும் ஈழவர்கள். ஒரு காலத்தில் அந்த வீட்டின் நிழல் விழும் தூரத்துக்குக்கூட வர முடியாதவர்கள், தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே சென்று நாற்காலியில் அமர்ந்தார்கள். வெளியே அந்த நான்கு வீதிகளில் யாரும் யாரையும் ஜாதி கேட்பதில்லை. 1924-ல் தண்ணீரில் நின்றவர்கள் கேட்டது இவ்வளவுதான்.