முள்ளை நடுவில் நிறுத்துங்கள்

பென்டாக்ஸ் கே1000 கேமராவில் ஆன், ஆஃப் சுவிட்ச் கிடையாது. செல்ஃப் டைமர் கிடையாது. ஃபோகஸ் வளையத்தை நீங்கள்தான் திருப்ப வேண்டும். லென்ஸின் திறப்பு, ஷட்டரின் வேகம் இரண்டையும் நீங்கள்தான் வைக்க வேண்டும். ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1976-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே இதைவிட வசதியான கேமராக்கள் வந்துவிட்டன. அதே ஆண்டில் வெளியான கேனான் ஏஇ-1, ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் போதும், திறப்பைத் தானே முடிவு செய்துகொள்ளும். ஆனாலும் கே1000 பெரிய மாற்றம் எதுவுமின்றி 1997 வரை தயாரிப்பில் இருந்தது, 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. புகைப்பட வகுப்பில் சேரும் மாணவர்களிடம் ஆசிரியர்கள் வாங்கச் சொன்ன கேமரா இது.

குறைந்த செலவில் ஒரு பிலிம் எஸ்.எல்.ஆர். வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயரும் இதுதான். இதில் ஒளிந்து வேலை செய்யும் பாகம் ஏதுமில்லை. படம் நன்றாக வந்தால் ஏன் வந்தது என்று தெரியும், கெட்டால் ஏன் கெட்டது என்றும் தெரியும். கற்றுக்கொள்பவருக்கு வேறென்ன வேண்டும்?

எஸ்.எல்.ஆர். என்றால் படம் எடுக்கும் அதே லென்ஸ் வழியாகவே நாமும் பார்க்கிறோம் என்று பொருள். லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. உள்ளே வரும் ஒளியை அது மேலே இருக்கும் திரைக்கு அனுப்ப, அங்கிருந்து ஐங்கோணப் பட்டகம் ஒன்று இடவலம் மாறாத நேரான பிம்பத்தைக் கண்ணுக்குக் கொடுக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி மறுபடி கீழே வரும். அந்த ஒரு நொடிப் பகுதியில் வியூஃபைண்டர் இருண்டுபோகும். பிலிமில் பதிந்த கணத்தை நாம் பார்ப்பதில்லை.

ஷட்டர் என்பது பிலிமுக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடும் இரண்டு துணித்திரைகள். முதல் திரை விலகி ஒளியை விடும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். வேகம் 1/60 வரை இருக்கும்போது 24க்கு 36 மி.மீ. சட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதைவிட வேகமாக வைத்தால் முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், நடுவில் ஒரு சிறிய இடைவெளி மட்டுமே பிலிமின் மேல் நகர்ந்து போகும். ஃபிளாஷ் போடும்போது 1/60-ஐத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. 1/250-இல் ஃபிளாஷ் அடித்தால் படத்தின் ஒரு பட்டைதான் வெளிச்சம் பெறும், மீதி இருண்டு கிடக்கும்.

இனி முள். கே1000-இன் உயிர் அதில்தான் இருக்கிறது. வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய முள் தெரியும். முதலில், ஷட்டர் டயலின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி, உள்ளே போட்டிருக்கும் பிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணை வைக்கிறோம். பிறகு காட்சியைப் பார்த்தபடி லென்ஸ் வளையத்தையோ ஷட்டர் டயலையோ திருப்பினால் முள் ஏறும் அல்லது இறங்கும். நேராக நின்றால் வெளிச்சம் சரி, மேலே போனால் கூடுதல், கீழே போனால் குறைவு. வேலை அவ்வளவுதான்.

ஆனால் முள் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்ணில் படும் முழுச் சட்டத்தின் வெளிச்சத்தையும் சராசரி எடுத்து, அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்வதுதான் அதன் இயல்பு. பகல் பதினொரு மணிக்கு வானத்தைப் பின்னால் வைத்து ஒருவரை நிற்க வைத்தால், வானத்தின் பிரகாசம் முள்ளை மேலே தள்ளும். முள் நடுவுக்கு வரும்வரை நாம் திறப்பைக் குறைப்போம், முகம் கருத்துப் போகும். வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர் என்று சட்டம் முழுக்க வெண்மையாக இருந்தால் அது சாம்பலாகப் பதியும். கோயிலின் கருங்கல் மண்டபத்தில் நேர்மாறு: கல்லைச் சாம்பலாக்க முயன்று படம் வெளிறும்.

இதற்கு வழி எளிது. முகம் முக்கியம் என்றால் கிட்டே போய் முகம் மட்டும் தெரியும்படி பார்த்து முள்ளை நிறுத்துங்கள். பிறகு பின்னால் வந்து, எந்த எண்ணையும் மாற்றாமல், படத்தை எடுங்கள். கிட்டே போக முடியாத இடத்தில் உங்கள் உள்ளங்கையை அதே வெயிலில் காட்டி அளக்கலாம். தோல் நிறம் எதுவாக இருந்தாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வெளிறியதுதான், அது நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, பிரகாசமானது. ஆகவே முள்ளை நடுவில் நிறுத்திய பின் திறப்பை ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் அதிகமாகப் போனாலும் பெரும்பாலும் படம் மிஞ்சும். குறைவைத்தான் தாங்காது. நிழலில் பதியாத விவரத்தை எந்த லேபும் பிறகு கொண்டுவர முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அங்கே வெளிறிப்போவதுதான் பெரிய பயம்.

பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? முள் அசையாது, கேமரா மட்டும் வழக்கம்போல் ஓடும். ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திரம். கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரே ஒரு எல்ஆர்44 பட்டன் செல் முள்ளுக்காக மட்டும்தான். சுவிட்ச் இல்லாததால் லென்ஸுக்கு மூடி போட்டு வைத்தால் செல் நீண்ட நாள் வரும். செல்லே இல்லாதபோது பழைய கணக்கு கைகொடுக்கும். நல்ல வெயிலில் திறப்பை எஃப் 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். 200 பிலிம் என்றால் 1/250, 400 என்றால் 1/500. எஃப் 11-க்குத் திறந்தால் வேகத்தையும் ஒரு படி கூட்ட வேண்டும். நம் ஊரின் நடுப்பகல் வெயிலுக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? இவை எல்லாமே பழைய கேமராக்கள், ஆகவே பெயரைவிட நிலைமைதான் முக்கியம். பின்மூடியைத் திறந்து ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிக் கேளுங்கள். ஒரு நொடி என்பது காதுக்கே தெரியும், அரை நொடி அதில் பாதியாக ஒலிக்க வேண்டும். மெது வேகங்களில் இழுத்துக்கொண்டே நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. துணித்திரையில் ஓட்டையோ சுருக்கமோ இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். பின்மூடியின் பள்ளத்தில் கறுப்பு ஸ்பாஞ்சு இருக்கும். ஒளி புகாமல் தடுப்பது அதுதான், இத்தனை ஆண்டுகளில் பெரும்பாலும் பிசினாக உருகிப் போயிருக்கும். அதைப் பார்த்து வாங்காமல் போக வேண்டாம், மாற்றுவது சிறு செலவுதான்.

லென்ஸில் அப்படி விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் நரம்பு நரம்பாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் வருடக்கணக்கில் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸ்களில் இது சர்வ சாதாரணம். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. கே1000-உடன் பொதுவாக வரும் 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் விலை மலிவானது, ஏராளமாகக் கிடைப்பது. நல்லதாக ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கலாம்.

கே1000-களிலும் வேறுபாடு உண்டு. ஆரம்பத்தில் ஜப்பானிலும் பிறகு ஹாங்காங்கிலும் கடைசியில் சீனாவிலும் இவை செய்யப்பட்டன. பிற்காலத்தில் செய்தவற்றில் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் மூடிகள் வந்தன. முகப்பில் 'அசாஹி பென்டாக்ஸ்' என்று பொறித்தவை முந்தையவை. கிடைத்தால் அதை எடுங்கள், ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை ஒரு முறை முழுதாகப் பிரித்து எண்ணெய் மாற்றி, ஷட்டர் வேகத்தைச் சரிசெய்யும் மெக்கானிக்குக் கொடுப்பது மேல்.

இது கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். யாஷிகா எஃப்எக்ஸ்-3, நிக்கான் எஃப்எம்10 இரண்டும் இதே வகை. யாஷிகாவின் மேல்தோல் உதிர்ந்துவிடும், கேமராவுக்கு ஒன்றும் ஆகாது. சோவியத் நாட்டு ஜெனிட்-ஈ இன்னும் மலிவு, அதனுடன் வரும் ஹீலியோஸ் லென்ஸ் தனியழகு. ஆனால் 1/30-இலிருந்து 1/500 வரை ஐந்தே வேகங்கள், கையில் செங்கல் கனம். கேனான் ஏஇ-1 நல்ல கேமராதான், பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே விழாது என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கள்.

உண்மையான செலவு கேமராவில் இல்லை, பிலிமில் இருக்கிறது. 1960-இல் நிறுவப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தந்துகொண்டிருந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று அமெரிக்கக் கோடாக், இங்கிலாந்தின் இல்ஃபோர்ட், செக் நாட்டின் ஃபோமா என்று எல்லாமே கப்பலேறி வருகின்றன. ஒரு வண்ண ரோல், அதைக் கழுவும் கூலி, ஸ்கேன் மூன்றும் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். 36 படம் என்றால் ஒவ்வொரு முறை விரல் அழுத்தும்போதும் ஏறக்குறைய முப்பது ரூபாயாவது ஆகும். சினிமா பிலிமைச் சிறு ரோலாகச் சுற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அந்த பிலிமில் பின்பக்கம் கரிப்பூச்சு இருந்தால் சாதாரண லேபின் ரசாயனத்தையே அது கெடுத்துவிடும். கழுவக் கொடுக்கும்போது சினிமா பிலிம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பழகுவதற்கு இல்ஃபோர்ட் எச்பி5 போன்ற 400 வேகக் கறுப்பு வெள்ளை ரோல்தான் என் தேர்வு. வெயிலிலும் வீட்டுக்குள்ளும் ஓடும், பிழை பொறுக்கும், வீட்டிலேயே கழுவலாம். ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு வராது என்பதுதான் நமக்குள்ள ஒரே சிக்கல். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைத்து வெப்பமானியோடு இறக்க வேண்டும். வண்ண நெகட்டிவுக்கு 38 டிகிரி வேண்டும், மூன்றேகால் நிமிடத்தில் முடியும், கால் டிகிரி தவறினாலும் நிறம் மாறத் தொடங்கும். அதை லேபிடம் விட்டுவிடலாம்.

ரோல் போடும்போது பிலிம் நுனியைச் சுற்றும் உருளையின் பிளவில் நன்றாகச் செருகி, பல்சக்கரத்தில் ஓட்டைகள் பிடித்தனவா என்று பார்த்து மூடுங்கள். லீவரைத் தள்ளும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் கூடவே சுழல வேண்டும். அது சுழலவில்லை என்றால், எண்ணிக்கை ஓடினாலும் பிலிம் நகரவில்லை. ரோல் முடிந்ததும் அடிப்பக்கப் பொத்தானை அழுத்தி, குமிழைச் சுற்றி, இழுவிசை விட்டுப்போன உணர்வு வந்த பிறகே பின்மூடியைத் திறக்க வேண்டும். பிலிமை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். கேமராவைத் தோல் உறையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

முதல் ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தையும் திறப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரோல் கழுவி வந்ததும் ஸ்கேனைப் பார்க்கும் முன் நெகட்டிவை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேன் இயந்திரம் பிழைகளைச் சரிசெய்து மறைத்துவிடும், நெகட்டிவ் மறைக்காது. படங்கள் மெலிந்து, ஓரத்தில் அச்சான எண்களும் பெயரும் மட்டும் அடர்த்தியாக இருந்தால் நீங்கள் வெளிச்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஓர எழுத்துகளே மங்கலாக இருந்தால் கழுவியதில் குறை. ஓரத்திலிருந்து கறுப்புத் தீற்றல்கள் உள்ளே பரவியிருந்தால் ஸ்பாஞ்சை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. 1/1000-இல் எடுத்த படங்கள் மட்டும் ஒரு பக்கம் படிப்படியாக மெலிந்து போயிருந்தால், திரைகள் சமமாக ஓடவில்லை. மெக்கானிக்கிடம் போகும்வரை 1/500-க்குக் கீழே வைத்து எடுங்கள்.