வேரைத் தோண்டிப் பார்த்தால்தான் புற்றுக் காளான்

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். உப்பு ஏறாத மேட்டு நிலத்தில் கரையான் புற்றுகளின் ஓரம் காளான் தேடுவதற்கு ஏற்ற ஈரம் வருவதும் அப்போதுதான். மரக்காணம் காப்புக்காடும் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடும், சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் எஞ்சியிருக்கும் துண்டுகள். இப்படிப்பட்ட இடத்தில் புற்றின் பக்கம் வெள்ளைக் குடை தெரிந்தாலே அது புற்றுக் காளான்தான் என்று முடிவு கட்டுவது ஆபத்து. முளைத்த இடம் ஒரு குறிப்பு மட்டுமே. சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது.

தென்னிந்தியாவிலிருந்து 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே. நடராஜன் விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற புற்றுக் காளான் இனத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பேரினத்தை 1942-இல் நிறுவிய பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்மைச் சிறப்பித்து வைத்த பெயர் அது. வெண்குடை, அதன் நடுவில் சாம்பல் நிற மொட்டு, காம்பில் உதிராமல் நிற்கும் தடித்த வளையம், காம்போடு ஒட்டாத நெருக்கமான செவுள்கள். காம்பு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கரையான் வளர்க்கும் புற்றாஞ்சோற்றில் போய் முடியும். பூஞ்சைக்கு இரை தருவது கரையான். அந்த உறவு இல்லாமல் இது வளராது. சிப்பிக் காளானைப்போல இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடியாததற்குக் காரணமும் அதுவே. இதோடு குழப்பக்கூடிய நஞ்சுக் காளான் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். அதற்கும் வெண்குடை, வளையம் உண்டு. ஆனால் குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும், வேர் இருக்காது. குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓரிரவு மூடி வைத்தால் அது பச்சைத் தூள் உதிர்க்கும். புற்றுக் காளான் உதிர்ப்பது இளஞ்சிவப்பு.

இளஞ்சிவப்புத் தூள் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது, நஞ்சுள்ள என்டலோமா இனங்களும் அதே நிறத்தில்தான் உதிர்க்கும். பாட்டிமார் தாளும் தூளும் இல்லாமலே கண்டுபிடித்தார்களே என்ற கேள்வி நியாயமானது. அனுபவம் உள்ளவர்கள் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே இனத்தைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடாது. வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்ற சோதனைகளோ எந்த நஞ்சையும் காட்டிக்கொடுக்காதவை. எனவே காம்பை ஒடித்தெடுக்காதீர்கள். புற்றைச் சிதைக்காமல், வேர் எங்கே போகிறது என்று ஒரு காளானில் மட்டும் மெல்லத் தோண்டிப் பாருங்கள். வேர், வளையம், மொட்டு, தூளின் நிறம் இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் சட்டியில் போடாதீர்கள்.