பாலம் ஒன்று, வரிசை பதினாறு

மட்டக்களப்பு வாவிக்கு மேலே 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போக முடிந்தது. கரையில் பஸ், லொறி, ஓட்டோ என்று எத்தனை நின்றாலும் கடக்கிற வேகம் பாலத்தின் அகலத்தோடு சரி. 2013இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

தரவிறக்க மென்பொருளில் இணைப்புகளை எட்டிலிருந்து பதினாறாக ஏற்றிவிட்டு, "இன்னும் ஊருதே" என்று சலித்துக்கொள்பவர்களும் வரிசையைத்தான் கூட்டுகிறார்கள். பாலம் எங்கே என்று பார்ப்பதில்லை.

ஐடிஎம், ஏரியா2 போன்ற மென்பொருள்கள் ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனி இணைப்பில் இழுக்கின்றன. ஏரியா2 போன்றவை சிலவேளை வெவ்வேறு சேர்வர்களிலிருந்தும் இழுக்கும். இது வெறும் பம்மாத்து இல்லை. "வந்து சேர்ந்தது" என்ற பதில் கிடைக்கும்வரை சேர்வர் ஓரளவுக்கு மேல் அனுப்பாது. அந்த அளவு 64 கிலோபைட், போய்வர 200 மில்லிசெக்கன் என்றால், செக்கனுக்கு 320 கிலோபைட்தான் வரும். நான்கு இணைப்புப் போட்டால் நான்கு மடங்கு. இன்றைய கணினிகள் அந்த அளவைத் தாமே பெருக்கிக்கொள்ளும். ஆனாலும் வழியில் பொதிகள் தொலைகிற தூரத்துச் சேர்வர்களிடம் பல இணைப்பு இன்னும் கைகொடுக்கும்.

மட்டக்களப்புக்குக் கடல் வாசலில் கிடந்தாலும், கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும்தான். அதுதான் இங்கே வேகம் குறையக் காரணம் என்று சொல்வாருண்டு. அது சரியில்லை. தீவைக் குறுக்கே கடக்க ஒளிக்குச் சில மில்லிசெக்கன் போதும். நேரத்தைத் தின்பது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வருகிற தூரம்.

ஆகவே பாலம் எங்கே என்று அறிய, முதலில் ஒரு கோப்பை ஒரே இணைப்பிலும், பிறகு நான்கிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மொத்த வேகம் ஒன்றென்றால் அடைப்பு பெரும்பாலும் வீட்டுப் பக்கந்தான். சுவருக்கு அப்பால் இருக்கும் ரவுட்டராக இருக்கலாம். இரவு எட்டு மணிக்கு ஊரே தொங்குகிற 4ஜி கோபுரமாகவும் இருக்கலாம். விடியற்காலையில் அதே கோப்பு பறந்து வந்தால் பெரும்பாலும் கோபுரந்தான். சிலருக்குக் கோளாறே இல்லை: பக்கேஜில் 8 மெகாபிட் என்றிருப்பது திரையில் 1 மெகாபைட்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

நான்கில் வேகமாக வந்தது பதினாறில் படுத்துவிட்டால், சேர்வர் கையை மறிக்கிறது என்று சந்தேகிக்கலாம். 1999இல் வந்த எச்டிடிபி விதி, ஒரு சேர்வருக்கு இரண்டு இணைப்புக்கு மேல் வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. ஏரியா2வும் மாற்றாமல் விட்டால் ஒரு சேர்வருக்கு ஒன்றையே திறக்கும். ஐடிஎம் சாளரத்தில் "ரெஸ்யூம்" வரிக்கு நேரே "நோ" என்றிருந்தால், துண்டு போட்டுத் தர அந்தச் சேர்வருக்கு வழியில்லை. பதினாறு கேட்டாலும் ஒன்றுதான்.

பல சேர்வர்களிலிருந்து இறக்கும்போது இன்னொரு தொல்லை, 99 வீதத்தில் நின்றுவிடுவது. தரவிறக்கப் பட்டை முழுக்க நிறம் நிரம்பி, ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கீறல் தெரியும். மந்தமான சேர்வரிடம் மாட்டிக்கொண்ட துண்டு அது. "ரெஸ்யூம்" வசதி இருந்தால், நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்க்கலாம். பல நேரங்களில் புது இணைப்பு அந்தக் கீறலைச் சட்டென்று நிரப்பிவிடும்.