வாடகைக்கு ஓர் அறை: படம் பொய் சொல்லலாகாது

ஸ்காபரோவிலுள்ள தமிழ்க் கடையிலிருந்து அரிசி மூடையுடன் வெளியே வருகையில், வாசலருகே உள்ள அறிவித்தற் பலகையை ஒருமுறையேனும் பார்க்காதவர் எம்மில் அரிது. 'அறை வாடகைக்கு உண்டு. பேருந்துத் தரிப்பிடம் அருகில். புகைப்பவர் தவிர்க்கவும்.' கையால் எழுதிய தாள். அதன் கீழ்விளிம்பில் வரிசையாக வெட்டப்பட்ட தொலைபேசி இலக்கங்கள். அத்துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குளிரில் பொதுத் தொலைபேசியைத் தேடி நடந்த நாட்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1983 ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்தின் பின் இங்கு வந்துசேர்ந்த அநேகருக்கு, கனடாவின் முதல் முகவரி வேறொருவர் வீட்டில் ஓர் அறையாகவே இருந்தது.

அன்று அறையைக் காட்டியது சொல். இன்று காட்டுவது படம். கைத்தொலைபேசியில் படம் பார்த்து மனம் நிறைந்த பின்னரே அழைப்பு வருகின்றது. ஆகவே அறையை ஒழுங்குசெய்வதும் படம் எடுப்பதும் வீட்டுக்காரரின் கடமைகளாகிவிட்டன. இக்கடமையில் நாம் விட்ட தவறு ஒன்றை முதலிற் கூறுகின்றோம்.

எமது வீட்டின் நிலக்கீழ் அறை காலியானபோது, கமெராவை அகன்ற கோணத்தில் வைத்து மூலையிலிருந்து படம் எடுத்தோம். கூரையோடு ஓடும் குழாய் படத்திற்குள் வராமற் பார்த்துக்கொண்டோம். அறை மண்டபம் போலத் தோன்றியது. வேற்று நகரிலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார், முற்பணம் அனுப்பினார், இரண்டு பைகளுடன் இரவுப் பேருந்தில் வந்து இறங்கினார். அறையின் நடுவில் நின்று நான்கு சுவர்களையும் பார்த்துவிட்டு, "படத்திலை பெரிசாத் தெரிஞ்சது, அண்ணை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்குப் போக வேறிடம் இல்லை என்பது எமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறினோம். வேறிடம் கிடைக்கும்வரை இருந்து, மூன்றாம் வாரம் போய்விட்டார். எம்மைப் போல வந்த ஒருவரை நாமே ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

முதலில் அறை, பின்னரே படம்

எமது நிலக்கீழ்த் தளங்களில் வாடகைக்கு இருப்பவரைவிட வீட்டுக்காரரின் பழம்பொருட்களே அதிக இடம் பிடித்திருக்கும். ஊருக்கு அனுப்பவென்று வாங்கிய பெட்டிகள், கலியாண வீட்டுச் சருவங்கள், பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் யாவற்றையும் அகற்றுங்கள். அலுமாரியில் உங்கள் சேலைகள் தொங்குமாயின் அது வாடகைக்கு விட்ட அலுமாரியன்று. கட்டில், மேசை, கதிரை, மேசைவிளக்கு ஆகிய நான்கும் இருந்தாற் போதும்.

சுவரில் ஈரமும் வெண்ணிறப் பொடியும் காணப்பட்டால், அதன்மேல் வர்ணம் பூசிப் படம் எடுப்பதில் பயனில்லை. அடுத்த மழையில் அது மீண்டும் தோன்றும். கூரைப் பீலியின் நீர் சுவரடியில் விழுகின்றதா, நிலம் வீட்டுப்பக்கம் சரிந்துள்ளதா என்பதை முதலிற் பாருங்கள். படத்தில் மணம் தெரியாது. ஆனால் படியிறங்குபவர் முதலில் அறிவது ஈரமணத்தையே.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர்ப்பாதுகாப்பு. நிலக்கீழ்ப் படுக்கையறையிலிருந்து நேரே வெளியேறக் கதவு இல்லாதவிடத்து, தப்பிச்செல்லும் யன்னலின் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீற்றராகவும், எப்பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் கட்டட விதி. பழைய வீடுகள் பற்றி மாநகரின் கட்டடப் பிரிவிடம் கேட்டறிவது நன்று. ஒவ்வொரு தளத்திலும் படுக்கையறைக்கு அருகிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும். எரிவாயு அடுப்போ சூடாக்கியோ உள்ள வீட்டில் காபனோரொட்சைட்டு வாயுவை உணர்த்தும் கருவியும் கட்டாயம். 2014 ஆம் ஆண்டிலிருந்து இது சட்டம். அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

படம் எடுக்கும் முறை

நிலக்கீழ் யன்னல் சிறியது. ஆகவே நண்பகலை அண்டிய நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். மப்பும் மந்தாரமுமான நாள் தீதன்று. ஒளி சமமாகப் பரவும். வெளியே பனி கொட்டிக்கிடந்தால் அதன் வெண்மை அறைக்குள்ளும் ஒளியைத் தரும். திரைச்சீலையை முற்றாக விலக்குங்கள். கமெராவின் மின்னொளியை நிறுத்திவிடுங்கள். அது அருகிலுள்ளதை வெளிறவைத்துத் தூரத்திலுள்ளதை இருளாக்கும். மஞ்சள் குமிழும் வெள்ளைக் குமிழும் கலந்து எரியுமாயின் சுவரின் நிறம் நோயாளியின் முகம் போலாகும். ஒரே வகைக் குமிழ்களையே பொருத்துங்கள்.

கமெராவை நெஞ்சு உயரத்தில் சரியாமற் பிடித்து, எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு படங்கள் எடுங்கள். அகன்ற கோணம் வேண்டாம். கட்டில் படத்தில் இருந்தால் அறையின் அளவு தானாகவே விளங்கும். நீள அகலங்களை அடிக்கணக்கில் எழுதியும் விடுங்கள். யன்னல், அலுமாரி, குளியலறை, குசினி, இறங்கும் படிகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் படம் தேவை. தாழ்ந்த கூரையும் குழாயும் இருப்பின் அவற்றையும் காட்டுங்கள்.

காட்டக்கூடாதனவும் உண்டு. குடும்பப் படங்கள், பெயர் எழுதிய கடிதங்கள், மருந்துப் போத்தல்கள், வீட்டு இலக்கம் ஆகியன படத்தில் வரலாகாது. அறையில் இன்னும் ஒருவர் குடியிருந்தால் அவருடைய சம்மதமின்றிப் படம் எடுப்பது முறையன்று.

விளம்பரமும் சட்டமும்

நிலக்கீழ் வீடுகளின் வரலாறு நீண்டது. 1994 இல் மாகாண அரசு அவற்றுக்கு வழிதிறந்தது. 1996 இல் வேறொரு அரசு அவ்வழியைச் சுருக்கியது. 2000 ஆம் ஆண்டில் ரொறன்ரோ மாநகரசபை நகர் முழுவதிலும் அனுமதித்தது. பலர் தனித்தனி அறைகளில் வாழும் வாடகை வீடுகளோ ஸ்காபரோவில் 2024 மார்ச் 31 முதலே, அனுமதிப்பத்திரத்துடன், சட்டப்படி ஏற்கப்பட்டன. அதுவரை அவ்வாறான வீடுகளில் வாழ்ந்த எம்மவர் முறைப்பாடு செய்யவும் அஞ்சி இருந்தனர்.

வீட்டுக்காரருடனோ அவர் குடும்பத்துடனோ குசினியை அல்லது குளியலறையைப் பகிரவேண்டியிருந்தால், குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு வாடகையாளருக்கு இல்லை. அவை தனியாக இருந்தால் அச்சட்டம் பொருந்தும். முற்பணமாக இறுதி மாத வாடகைக்கு மேல் வாங்கமுடியாது. இவ்வேறுபாட்டை இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நல்லது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். "தம்பி எந்த ஊர், ஊரிலை எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எப்போதும் அன்பினால் எழுவதில்லை. அது எதை அறிய எழுகின்றது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதி அடிப்படையிலான பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்தின்கீழ் அடங்கும் என ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023 இல் அறிவித்துள்ளது. வாடகை தருவாரா, அமைதியாக இருப்பாரா என்பவற்றைக் கேளுங்கள். அதற்குமேல் கேட்பதற்கு ஓர் அறைக்கு அவசியமில்லை.

அறை தேடுவோருக்கும் ஒரு வார்த்தை. பிறர் வீட்டுப் படத்தைத் திருடி முற்பணம் கேட்போர் உளர். நேரில் அல்லது நம்பிக்கையான ஒருவர் மூலம் அறையைப் பார்க்கும்வரை பணம் அனுப்பாதீர்கள். அதற்கு வழியில்லையெனில், நேரடிக் காணொளி அழைப்பில் கதவையும் யன்னலையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரை விட்டு விலகுங்கள்.

இளைஞர் போன பின் நாம் அறையை மீண்டும் படம் பிடித்தோம். இம்முறை குழாயும் இருந்தது, அளவும் இருந்தது. அழைத்தவர்கள் குறைவு. வந்த பிள்ளையோ படியிறங்கிப் பார்த்து, படத்தில் உள்ளபடியே இருக்கின்றது என்றார். அன்றிரவே அப்படத்தை ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பினார். "யன்னல் இருக்கே பிள்ளை? அது திறக்குமே?" என்று தாயார் கேட்டது மேல்தளம்வரை கேட்டது. நாம் எடுக்கும் படத்தைப் பார்ப்பவர் அறை தேடுபவர் மட்டுமல்லர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அதைப் பார்த்துவிட்டு நித்திரைக்குப் போகும் ஒரு தாயும் உண்டென்பதை நினைவிற்கொண்டே கமெராவைக் கையில் எடுப்போமாக.