விளியில் வரும் ‘ஓ’: ஆங்கிலம், தமிழ், தெலுங்கு

ஆங்கிலக் கவிதையில் பெயருக்கு முன் நிற்கும் ‘ஓ’ வியப்பைக் குறிப்பதன்று, விளியைக் குறிப்பது. அம்மொழிப் பெயர்ச்சொல் ஈறு திரிந்து விளியாவதில்லை. ஆகவே அப்பணியை முன்னிற்கும் ஓரெழுத்து ஏற்கிறது. உணர்ச்சியைக் காட்டும் ‘ஓ’ வேறு. பிற்கால எழுத்துமரபு அதற்கு ‘எச்’ சேர்த்துப் பெரும்பாலும் காற்புள்ளியும் இடும். 1820இல் வெளிவந்த ஷெல்லியின் மேல்காற்றுப் பாடலில் இரு பயன்களும் உள்ளன. தொடக்கத்தில் வருவது காற்றை விளிக்கிறது. முதல் மூன்று பகுதிகளின் இறுதியில் வருவது, செவிசாய்க்குமாறு இறைஞ்சுகிறது. தமிழ் எழுத்தில் பெயர்க்கும்போது இரண்டும் ஒரே ‘ஓ’ ஆகிவிடுவதே இடர்.

தமிழில் விளி எட்டாம் வேற்றுமை. தோழி ‘தோழீ’ ஆகும். பாவை ‘பாவாய்’ ஆகும். திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் ‘எம்பாவாய்’ என்னும் விளியில் முடிகின்றன. முன்னொட்டு எதுவும் அங்குத் தேவைப்படவில்லை. சேய்மையிலுள்ளாரை அழைக்க ஒலி நீளும். ‘ஐயாவோ’ என ஓகாரம் சேரினும் அது ஈற்றிலேயே சேரும். ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு பொருள் கூற, நன்னூல் எட்டாக்குகிறது. அவற்றுள் விளி இல்லை. நன்னூல் கூட்டிய ‘கழிவு’, அதாவது இழந்ததற்கு இரங்கல், ஆங்கில உணர்ச்சி ‘ஓ’வுக்கு ஓரளவு நெருங்கியது.

இவ்வேறுபாட்டைத் திருச்சானூர், திருப்பதி வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். திருமலையில் மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்பெறுகிறது. கேட்போருள் பலர் தெலுங்கர். தெலுங்கிலும் ஈறு திரிதல் உண்டெனினும், அதன் பள்ளி இலக்கணம் ஓயி, ஓரி, ஓசி என்பவற்றையே விளியுருபுகளாகக் கற்பிக்கிறது. இவை பெயருக்கு முன்னே நிற்பவை. பாலையும் நெருக்கத்தையும் உடன் காட்டுபவை. பதினைந்தாம் பாசுரத்தில் உறங்கும் தோழியை நோக்கி வரும் ‘எல்லே’ என்பதற்குத் தெலுங்கில் ‘ஓசி’ இயல்பாகவே பொருந்தும். ஆங்கில ‘ஓ’வோ அந்த உரிமையை இழந்து, தோழியையும் தெய்வத்தையும் ஒரே தொலைவில் நிறுத்திவிடும்.

எனவே ‘ஓ காற்றே’ எனப் பெயர்ப்பது ஒரே விளியை இருமுறை சொல்வதாகும். ‘காற்றே’ போதும், அதற்கு முன் வரும் ‘ஓ’ தமிழ்ச் செவிக்கு வியப்பாகவே படும். பகுதியிறுதியில் வரும் இறைஞ்சலை மட்டும் விடலாகாது. அங்கே ஓகாரத்துக்குத் தமிழில் உரிய இடம் வினையின் ஈறு: ‘கேளாயோ’.